எல்லாரும் ஒரே இடத்தில் கடை போட்டால் அது போட்டியா?

காலை ஏழரை மணி. கல்கிசையில் இருந்து வெள்ளவத்தைக்குப் போகிற ஆட்டோவில் எங்களில் மூன்று பேர். சாரதி அண்ணை றேடியோவைத் திருகுகிறார். ஒன்றில் சென்னைப் படப்பாட்டு. அடுத்ததில் அதே படத்தின் இன்னொரு பாட்டு. மூன்றாவதில் ஓர் அறிவிப்பாளர், "சண்டை வந்தா முதல்ல சொறி சொல்றது யாரு, பையனா பொண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிக்கிறார். அண்ணை றேடியோவை நிப்பாட்டினார். "தம்பியவை, நீங்களே ஏதும் கதையுங்கோ."

சரி, கதைக்கிறோம்.

1998இல் சூரியனும் சக்தியும் வந்தன. 2008இல் வெற்றி வந்தது. பிறகும் சில வந்தன. தமிழ் எஃப்எம்களுக்கு இடையில் பெரிய போட்டி என்று சொல்கிறார்கள். எங்கள் காதுக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது ஒரே வானொலி, அலைவரிசை இலக்கம்தான் வேறு.

ஏன் இப்படி? கல்கிசைக் கடற்கரையில் இரண்டு பேர் இறால் வடை விற்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்றால் எல்லாருக்கும் நடை குறைவு. ஆனால் மற்றவரின் வாடிக்கையாளரையும் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் இருவரும் நடுவுக்கு நகர்ந்து, கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஹரோல்ட் ஹொட்டலிங் என்ற பொருளியலாளர் 1929இல் எழுதிய வாதம் இந்த மாதிரியானதுதான். 1952இல் பீற்றர் ஸ்ரைனர் இதே சிக்கலை வானொலியில் காட்டினார். நூறு நேயரில் எண்பது பேருக்குப் பாட்டு, இருபது பேருக்குப் பேச்சு வேண்டும் என்று எடுப்போம். ஏற்கெனவே இரண்டு பாட்டு நிலையங்கள். மூன்றாவதாக வருகிறவர் பேச்சுக்குப் போனால் இருபது பேர், பாட்டுக்குப் போனால் இருபத்தாறு பேர். அவர் எங்கே போவார்? அந்த இருபது பேருக்கு ஒருவரும் இல்லை.

ஆகவே "நேயர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்" என்ற பதிலை எங்களிடம் சொல்ல வேண்டாம். வேறு ஒன்றும் வைக்காத கடையில், சனம் இதைத்தான் வாங்குது என்று சொல்வது நியாயமா?

உண்மையான போட்டி எப்படி இருக்கும் என்று எங்கள் ஊருக்கே தெரியும். 1952இல் இந்தியாவில் அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் படப்பாட்டை ஒதுக்கினார். நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957இல் அவர்கள் விவித் பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. மற்றவன் கொடுக்காததைக் கொடுத்துத்தான் எங்கள் வானொலி பெயர் எடுத்தது. அதே வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சு, முஸ்லிம் பேச்சு, ஐயர் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் ஒரே அறையில் சண்டை பிடித்தன. அது 1976இல் படமாகவும் வந்தது. இன்றைக்கு எங்கள் அறிவிப்பாளர்கள் சிலர் ஒலிவாங்கி முன்னால் இருந்ததும் சென்னைக்காரர் ஆகிவிடுகிறார்கள். வீட்டில் "என்ன செய்யிறாய்" என்பவர் வானொலியில் "என்ன பண்றீங்க" என்கிறார். கொட்டாஞ்சேனைத் தமிழுக்கும் ஹற்றன் தமிழுக்கும் காத்தான்குடித் தமிழுக்கும் என்ன குறை?

பேச்சைக் கைவிட்டதற்குப் பயமும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டோம். 2006 ஓகஸ்ட் 29 அன்று சூரியன் எஃப்எம்மின் செய்திப் பொறுப்பாளர் நடராஜா குருபரன் வேலைக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டு, அடுத்த நாள் விடுவிக்கப்பட்டார். 2007 ஒக்டோபரில் சூரியன் உட்பட அந்த நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் உரிமமும் இரத்தானது. அந்தக் காலத்தில் பாட்டுப் போட்டவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் போர் முடிந்தது 2009இல். பயத்தில் பழகியது இப்போது வியாபார முறையாகிவிட்டது.

2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றோம். எந்த ஷெட்டுக்கு எண்ணெய் வருது என்று வாட்ஸ்அப்பில்தான் அறிந்தோம். காதில் மாட்டியிருந்த றேடியோ காதல் பாட்டுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

நேயர் தொலைபேசியில் கதைப்பது நிலையம் போடுகிற பிச்சை இல்லை. 1995இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், நேயர்கள் பங்குபற்றிய முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென நிறுத்தியது. பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நாங்கள் "ஹலோ, இந்தப் பாட்டை என் ஃப்ரெண்ட்ஸுக்கு டெடிகேட் பண்றேன்" என்று சொல்லிச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. பாட்டை நிப்பாட்டச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போதும். வெள்ளவத்தை வீட்டு வாடகை, தோட்டத்து நாட்சம்பளம், பொலிசில் தமிழில் முறைப்பாடு கொடுக்கப் போய்த் திரும்பி வந்த கதை, இதையெல்லாம் சனம் தன் தமிழில் கதைக்க வேண்டும், கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். தனியார் முதலில் வரமாட்டார்கள், கணக்கு விடாது. அந்த இருபது பேர் கணக்கைப் பார்க்கத் தேவையில்லாதது பொதுப் பணத்தில் நடக்கும் வானொலிதான். தமிழ்த் தேசிய சேவையும் தென்றலும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒன்று பாடட்டும், மற்றது கதைக்கட்டும். அமைச்சர் திறந்துவைத்த கட்டடத்தைப் பற்றி இல்லை, எங்களைப் பற்றி.

அதுவரைக்கும் ஆட்டோ அண்ணை சொன்னதுதான் சரி. நாங்களே கதைப்போம்.