வட்டத்தை யார் வெட்டுவது?

ஆம்ப்ளிஃபயர் பிராஜக்ட் செய்யாத எலெக்ட்ரானிக்ஸ் பேட்ச் உண்டா? போர்டில் சால்டரிங் முத்து முத்தாக இருக்கும். பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிப் பாருங்கள்... ஜிக்சா கடித்துக் குதறிய ஓட்டை! இடைவெளியில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அப்பியிருக்கும். கேட்டால், "அதெல்லாம் ஆசாரி வேலைப்பா, நமக்கெதுக்கு?" என்பார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

அந்த ஓட்டையும் சர்க்யூட்டில் சேர்ந்ததுதான். கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர் ஃபேஸ். விளிம்பில் காற்றுக் கசிந்தால் பேஸ் செத்துப்போகும், 'புஸ்'ஸென்று சத்தம் வேறு வரும். 1961இல் தீல் தொடங்கி, 1970களில் ஸ்மால் விரித்த கணக்கை வைத்து, பெட்டியின் கொள்ளளவை இரண்டு தசமம் வரை தட்டிப் பார்க்கிறோம். அப்புறம் ஓட்டையில் கோட்டை விடுகிறோம். என்ன நியாயம் இது?

வழி இருக்கிறது, ரூட்டர். (வைஃபை பெட்டி இல்லீங்க, மரத்தில் பள்ளம் எடுக்கிற மெஷின்!) அதன் அடித்தட்டில் ஒரு அக்ரிலிக் பட்டையைத் திருகி, வட்டத்தின் மையத்தில் ஆணி அடித்துச் சுற்றினால் போதும். காம்பஸ் தத்துவம்தான். துளை 145 மி.மீ, பிட் 6 மி.மீ என்றால் ஆணிக்கும் பிட் மையத்துக்கும் இடையே 72.5ல் 3 போக 69.5 மி.மீ. அந்த 3ஐக் கழிக்காவிட்டால் துளை 6 மி.மீ பெரிசாகிவிடும்.

ஸ்பீக்கர் விளிம்பு பலகையோடு சமமாக உட்கார வேண்டுமா? அந்தப் பள்ளத்தை முதலில் எடுக்கணும். துளையை முதலில் போட்டுவிட்டால் ஆணி அடிக்க மையமே இருக்காது! 18 மி.மீ எம்.டி.எஃப். பலகையை ஒரே மூச்சில் அறுக்காதீர்கள். சுற்றுக்கு 3 மி.மீ, ஆறு சுற்று. நடுத்துண்டை அடியில் ஒரு வேண்டாத பலகையோடு டபுள் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் அது கழன்று மெஷின் துள்ளும். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். ஐ.டி. கார்டு கயிறு கழுத்தில் தொங்கவே கூடாது. பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடணும்.

நான் பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரூட்டர் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. "பசங்க கையை வெட்டிக்குவாங்க" என்பது காரணமாம். அப்படியானால் லேத்தை மட்டும் எப்படி நம்பிக் கொடுக்கிறார்கள்? பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் நிற்கிறார், அதனால்தானே? ரூட்டருக்கும் அவரே நிற்கட்டும்.

சங்கத்தின் சார்பில் கேட்போம்: பிராஜக்ட் மாதங்களில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். எல்லா டிபார்ட்மெண்டுக்கும் பொதுவாக. அக்ரிலிக் பட்டையைத் துளை போட்டு, அளவு எழுதி, நானே கொண்டு வருகிறேன்.