மூன்றரை லட்சம் ரூபாய் வீடு: பில்லருக்கே ஒன்றரை லட்சம் போனால் மிச்சம் என்ன?

மரக்காணத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, ஆரோவில் பக்கம் வரும்போது ஊருக்குள் கொஞ்சம் நுழைந்து பார்த்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பத் தென்படும். சின்ன வீடு, பூச்சு முடியாத சுவர், மொட்டை மாடியின் மூலைகளில் இரண்டு மூன்று அடிக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. "பின்னாடி மேல ஒரு ரூம் போட்டுக்கலாம்" என்று விட்டுவைத்த கம்பி அது. உப்புக் காற்றில் நாலைந்து வருஷத்தில் அது செதில் செதிலாகத் துருப்பிடித்துவிடும். அதற்குள் மேல் ரூம் கட்டும் வசதி வருகிறதா என்பது வேறு கதை.

அந்தக் கம்பிக்குப் பின்னால் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. வீட்டின் எலும்புக்கூடு என்று சொல்லக்கூடிய அஸ்திவாரம், பில்லர், பீம், தளம் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகிறது? அரசு வீட்டுத் திட்டத்தின் பணம் அதில் எதுவரைக்கும் தாங்கும்? இந்தக் கரையில் சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் எது கடைசியில் நஷ்டம் ஆகிறது?

திட்டப் பணம் என்ன கணக்கு?

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள், ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் போட வேண்டும். சொந்த மனை வைத்திருக்கும் குடிசைவாசிகளுக்கான திட்டம் இது. பணம் மொத்தமாக வராது, வேலை நகர நகரத் தவணையாக வரும்.

இதே கரைக்கு முன்பு வந்த தொகைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு கடலூர், விழுப்புரம் மாவட்டக் குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன. அப்போது ஒரு வீட்டுக்கு ரூ.1 லட்சம். 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடிக்கு ரூ.1.80 லட்சம். மத்திய அரசின் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் அடிப்படைத் தொகை இன்றும் ரூ.1.20 லட்சம். தமிழகத்தில் தளம் போடுவதற்கென்று மாநில அரசு தனியாகப் பணம் சேர்த்துத் தருவதால்தான் அந்த வீடுகளும் ஓரளவு எழும்புகின்றன.

ஆனாலும் ரூ.3.50 லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ரூ.972 வருகிறது. இன்று சதுர அடி 2,000 ரூபாய்க்குக் கீழே பேச ஒத்துக்கொள்ளும் மேஸ்திரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2,000 என்றே வைத்தாலும் 360 சதுர அடிக்கு ரூ.7.20 லட்சம். பாதிக்கு மேல் வீட்டுக்காரரின் கையில் இருந்தோ கடனில் இருந்தோ வர வேண்டும்.

கூடு எவ்வளவு தின்கிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் சிமெண்ட் மூட்டை 325 ரூபாய், கம்பி கிலோ 65 ரூபாய், முக்கால் ஜல்லி யூனிட் 4,500, எம்-சாண்ட் யூனிட் 5,500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி.

முதலில் தளம். 300 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் மூன்றரை கன மீட்டர் கான்கிரீட். அதற்கு 28 மூட்டை சிமெண்ட், 200 கிலோவுக்குச் சற்று மேல் கம்பி, ஒரு யூனிட் ஜல்லி, அரை யூனிட் எம்-சாண்ட். பொருளுக்கு மட்டும் 30 முதல் 35 ஆயிரம். சென்ட்ரிங், கம்பி கட்டுவது, கான்கிரீட் போடும் அன்றைக்கு ஆள் கூலி எல்லாம் தனி. இது தவிர்க்க முடியாத செலவு. கீத்துக் கொட்டாயை விட்டு வெளியே வருவதன் அர்த்தமே இந்தத் தளம்தான்.

இப்போது அதே வீட்டுக்கு பில்லர் வைப்போம். 20 அடிக்கு 18 அடி என்றால் மூன்று வரிசையில் ஒன்பது பில்லர். ஒவ்வொன்றுக்கும் குழி, அடியில் நாலுக்கு நாலு அடி புட்டிங், பேஸ்மட்டத்தில் ஒரு சுற்று பெல்ட் பீம், மேலே ரூஃப் பீம். கூட்டிப் பார்த்தால் கூடுதலாக ஒன்பதரை கன மீட்டர் கான்கிரீட். தளத்துக்குப் போனதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்! சிமெண்ட் 75 மூட்டை, கம்பி கிட்டத்தட்ட 800 கிலோ, ஜல்லி மூன்று யூனிட், எம்-சாண்ட் ஒன்றரை யூனிட். பொருள் மட்டும் ஒரு லட்சத்தைத் தொடும். கூலியும் சென்ட்ரிங்கும் சேர்ந்தால் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். பில்லர் வைத்தால் சுவருக்கான கடைக்காலில் கொஞ்சம் மிச்சமாகும், உள் சுவரை நாலரை அங்குலத்தில் முடித்துவிடலாம். அதையெல்லாம் கழித்தாலும் கூடுதல் செலவு ஒரு லட்சத்துக்குக் குறையாது.

அந்த ஒன்றரை லட்சத்தை மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கி இரண்டு வருஷத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 7,930 ரூபாய். வட்டி மட்டும் 40 ஆயிரத்தைத் தாண்டும். உப்பளத்தில் வெயில் காலம்தான் சீசன். வீடு கட்டுவதற்கும் அதுதான் சீசன். வேலைக்குப் போனால் வீட்டு வேலையைப் பார்க்க ஆள் இல்லை. வீட்டைப் பார்த்தால் கூலி இல்லை. மழை தொடங்கிவிட்டால் இரண்டும் நின்றுவிடும், தவணை மட்டும் நிற்காது.

சரி, பில்லர் வேண்டுமா, வேண்டாமா?

"பில்லர் இல்லாட்டி மாடி எடுக்க முடியாது" என்று பலரும் நம்புகிறார்கள். அது முழு உண்மை இல்லை. கெட்டியான மண்ணில், ஒழுங்கான கடைக்கால் எடுத்து, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வைத்து, பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று மூன்று மட்டத்திலும் சுவரைச் சுற்றி கான்கிரீட் பெல்ட் ஓட்டினால் தரைத்தளமும் அதன் மேல் ஒரு மாடியும் சுவரின் பலத்திலேயே நிற்கும். நம் ஊர்களில் பழைய மாடி வீடுகள் பலவும் பில்லர் இல்லாதவைதான். புயலில் சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இழுத்துப் பிடிப்பது அந்த பெல்ட். அதை மிச்சம் பிடிக்கக் கூடாது. லிண்டலை ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டுவிட்டு ஒன்பது பில்லர் நிறுத்துவது, குடைக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கூரையை மறந்த கதை.

ஆனால் மண்ணைப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது. இந்தச் சின்னப் பகுதிக்குள்ளேயே மண் மூன்று விதமாக இருக்கிறது. ஆரோவில், குயிலாப்பாளையம் மேட்டில் கெட்டியான செம்மண். அங்கே 360 சதுர அடிக்கு பில்லர் என்பது பெரும்பாலும் ஆசைக்குப் போடுவது. கழுவேலி ஏரியை ஒட்டிய பக்கம் களிமண். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அங்கே சாதாரணக் கடைக்கால் சுவரைப் பிளந்துவிடும், பில்லரும் பெல்ட் பீமும் செலவுக்கு நியாயம் சொல்லும். கடலோரக் குப்பங்களில் மணலும் உப்புத் தண்ணீரும். இந்த மூன்றுக்கும் ஒரே வரைபடம், ஒரே தொகை என்பது திட்டத்தின் பலவீனம் என்றே தோன்றுகிறது. வானம் தோண்டும் முன் ஒன்றிய அலுவலகப் பொறியாளரை மனைக்கு வரச்சொல்லி மண்ணைக் காட்டுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

உப்பு என்ன செய்கிறது?

கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு ஊதும். உள்ளே இருந்து கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கீறல், அப்புறம் காரை பெயர்ந்து விழும், கடைசியில் கம்பி வெளியே தெரியும். 2000-01-க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க ரூ.2,000 கோடி ஒதுக்குவதாக 2024-ல் அரசு அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். கட்டும்போது விட்ட குறைக்குப் பின்னால் கட்டும் வட்டியும் அந்தத் தொகைக்குள் இருக்கிறது.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. அங்கே கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடி இருக்க வேண்டும். உப்பு இல்லாத உள்நாட்டில் லேசான சூழலுக்கு 20 போதும். கான்கிரீட்டின் தரம் எம்30, உள்நாட்டில் எம்20. தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

நடைமுறையில்? கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லிக்கல்லைச் செருகுவார்கள். கலவை சட்டியில் இருந்து சுலபமாக வழுக்க வேண்டும் என்று இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். பக்கத்து போர்த் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும், ஆனாலும் அதுவே தொட்டியில் நிறையும். இதில் எதையும் சரிசெய்ய லட்சக்கணக்கில் ஆகாது. தளத்தின் கனத்தை ஓர் அங்குலம் கூட்டினால் முக்கால் கன மீட்டருக்கும் குறைவான கான்கிரீட், நாலைந்து ஆயிரம் ரூபாய் கூடும். கவர் பிளாக் சில நூறு. தளம் போடும் அன்றைக்கும் அதன் பிறகு நீராற்றுவதற்கும் ஒன்றிரண்டு டேங்கர் நல்ல தண்ணீர். தண்ணீரைக் குறைத்து ஊற்றுவதற்குச் செலவே இல்லை, கொத்தனாரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

மாடியில் கம்பி நீட்டி வைத்தே தீர வேண்டும் என்றால், சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டில் மூடிவிடுங்கள். பின்னால் உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

வரியும் விலையும்

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350 ரூபாய் மூட்டையில் முழுதாகக் கைமாறினால் 27 ரூபாய் குறைய வேண்டும். 360 சதுர அடிக்குச் சுமார் 150 மூட்டை என்றால் மிச்சம் நாலாயிரம் ரூபாய். நல்லதுதான், ஆனால் கம்பிக்கான 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. மறுபக்கம், தமிழகத்தில் கனிமம் உள்ள நிலங்களுக்கான புதிய வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியது. கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அரசோடு பேசிய பிறகே லாரிகள் ஓடின. வானூர் வட்டத்துத் திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் வரிசையாக இருக்கின்றன. பக்கத்து ஊர்க் கல் என்பதற்காக இங்கே யாருக்கும் மலிவாகக் கிடைத்துவிடவில்லை.

பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வழி

1989-ல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டடக் கழகம், மண்ணோடு ஐந்து சதவீத அளவில் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் சுடாத கல்லை உலகம் முழுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தக் கல்லில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென்று தரப்படும் ஹசன் ஃபாத்தி விருதை 1992-ல் பெற்றது. வளைவுக் கூரை கட்டினால் கம்பியின் தேவையே பெரும்பாலும் போய்விடும். கம்பி இல்லாத இடத்தில் துருவுக்கும் வேலை இல்லை.

அப்படியிருக்க, சுற்று ஊர்களில் ஏன் அது பரவவில்லை? கல்லை நாலு வாரம் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். இயந்திரம் வேண்டும், பழகிய ஆள் வேண்டும். செம்மண் மேட்டில் கிடைக்கும் மண் கடலோர உப்பு மணலில் கிடைக்காது. கைவேலை அதிகம் என்பதால், கூலி ஏறிய காலத்தில் ஆரோவில் வீடுகளும் மலிவானவை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பரம்பரையாக மண் சுவரில், கீத்துக்குக் கீழே இருந்தவருக்கு 'மண் வீடு' என்ற சொல்லே கசக்கும். அதைப் புரியாதவர்களுக்கு மட்டும்தான் இது வியப்பாக இருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் தண்ணீருக்குள் போயின. சேதமடைந்த குடிசைக்கு ரூ.10,000 நிவாரணமும், முழுதாகப் போன குடிசைகளுக்குப் புதிய வீட்டில் முன்னுரிமையும் அறிவிக்கப்பட்டன. அப்படி முன்னுரிமை கிடைத்தவர்களுக்கு அடுத்து வந்த கேள்வி முதல் தவணைக்கு முன் வானம் தோண்டவும் கடைக்கால் எழுப்பவும் யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதுதான். மண்ணுக்குத் தகுந்த வரைபடமும், கடைக்காலுக்கு முன்பணமும் ஒன்றிய அலுவலகத்தில் கேட்கக்கூடிய கோரிக்கைகள்தான். வரும் கிராம சபையில் மனுவாகவே கொடுக்கலாம்.