பேரியந்திரம் இல்லையென்னும் வாதம்

சமாந்தரக் கணிப்பும் பரம்பிய கணனி முறைமைகளும் செல்வந்த தேசத்துச் சர்வகலாசாலைகளுக்கே உரிய வித்தைகள் என்றும், திருநெல்வேலி வளாகத்திலே கற்கும் நம் மாணாக்கருக்கு அவை பரீட்சைத் தாளோடு முடியும் ஏட்டுச் சுரைக்காய் என்றும் ஓர் அபிப்பிராயம் யாழ்ப்பாணத்துப் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது.

அதற்கு அவர்கள் காட்டும் முதற்காரணம், நம்மிடம் சூப்பர் கணனி என்னும் பேரியந்திரம் இல்லை என்பது. ஆனால் அவ்வில்லாமை தடையன்று: க்ரே என்னும் பேரியந்திரத்தை இந்தியாவுக்குத் தர அமெரிக்கா மறுத்தமையால், புனே நகரில் விஜய் பட்கர் தலைமையில் சி-டாக் நிறுவனத்தார் ட்ரான்ஸ்பியூட்டர் என்னும் சிறு சில்லுகளைக் கோத்து 1991இல் ‘பரம் 8000’ஐ ஆக்கினர், 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்திலேயே தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 486 இனத்துச் சாதாரணச் செயலிகள் பதினாறை ஈதர்நெட்டால் இணைத்துப் ‘பேவுல்ஃப்’ தொகுதியை அமைத்தனர். இன்றோ, வெப்பத்துக்கு அஞ்சி ஒற்றைச் செயலியின் வேகத்தை உயர்த்துவதை 2005ஆம் ஆண்டளவில் தயாரிப்பாளர்கள் கைவிட்டுக் கோர்களைப் பெருக்கத் தொடங்கியபின், மாணாக்கன் தோளிற் சுமந்துவரும் மடிக்கணனியே சமாந்தர இயந்திரந்தான்.

இயந்திரங்களைக் கூட்டினால் வேகம் தானே கூடும், ஆகையால் இது கல்வியன்று, பணத்தின் காரியம் என்பார் சிலர். ஆனால் வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கவேண்டியதாயின், ஆயிரம் செயலிகளை அமர்த்தினாலும் இருபது மடங்கு வேகத்தை எட்டவியலாது என்பது ஜீன் அம்தால் 1967இல் முன்வைத்த நியாயத்தின் பெறுபேறு. துலா மிதித்து இறைத்த நம் தோட்டக்காரர் இதைக் கணிதமின்றியே அறிவர்: பட்டை ஒன்றாயிருக்க, தண்ணீர் மாற எத்தனை பேர் நின்றென்ன?

மின்சாரமும் வலையமைப்பும் நம்பத்தகாத ஊரில் பரம்பிய முறைமைகள் எவ்வாறு நடக்கும் என்பது தலைகீழான வாதம். இயந்திரம் விழும், செய்தி தொலையும் என்ற அனுமானத்திலேதான் அச்சாஸ்திரம் ஆரம்பமாகிறது. மறுமொழி தராத இயந்திரம் தாமதிக்கிறதா, விழுந்துவிட்டதா என்று நிச்சயிக்க இயலாத நிலையில், ஒன்றேயொன்று விழக்கூடுமாயினும் எல்லா இயந்திரங்களும் ஒருமுடிவுக்கு வந்தே தீருமென்று உறுதிசெய்யும் நிர்ணயமான வழி கிடையாதென ஃபிஷர், லிஞ்ச், பாற்றர்சன் ஆகிய மூவர் 1985இல் நிரூபித்தனர். மின்சாரமற்ற தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடாநாட்டாருக்கு, அறுபடுவதை எதிர்பார்த்தே திட்டமிடும் சாஸ்திரம் அந்நியமானது என்று சொல்வதுதான் வேடிக்கை. நாலு கணனியில் தோன்றாத கோளாறுகள் நாலாயிரத்தில் தோன்றும், அந்த அனுபவத்தை இங்கே கொடுப்பது அரிது என்பதை மாத்திரம் நான் மறுக்கவில்லை.

எஞ்சியது, இளமாணி மாணாக்கருக்கு இது அவசரமில்லை என்னும் அறிவுரை. ஒருங்கே ஓடும் இரண்டு இழைகள் (threads) ஒரே எண்ணியை ஆளுக்கு இலட்சம் தரம் ஒவ்வொன்றாகக் கூட்டும் சிறு நிரலை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு இலட்சம் வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் குறைந்த தொகையே, அதுவும் தடவைக்குத் தடவை வேறாகி, வந்து நிற்கும். ஏனெனில் வாசித்தல், கூட்டல், திரும்ப எழுதல் என்னும் படிகளுக்கிடையே மற்ற இழை புகுந்து தன் எண்ணை எழுத, முந்தியது தன்னிடமிருந்த பழைய கணக்கால் அதை அழித்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஓர் இழையையே உள்ளே விடும் பூட்டுப் போட்டால் விடை சரியாகும், ஓட்டம் மந்தமாகும். நாளை ஒரு கூட்டுறவு வங்கியின் கணக்குப் பதிவுக்கு நிரல் எழுதப்போகிறவன் இதை அறிய முதுமாணிப் பட்டம்வரை காத்திருப்பானாயின், அதற்கிடையில் பிழைப்பது யாருடைய மிகுதிப் பணம்?