கருப்பட்டிக் காபியில் பால் திரிந்தது யார் தப்பு?

‘பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து இருபது பேர் வருவார்கள். போன வருடம் சுக்குமல்லி காபியில் பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது. கருப்பட்டி கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டையே போட்டேன். இந்த வருடம் எதைப் பார்த்து வாங்குவது?’ என்று விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைக்காரர் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். நல்ல கருப்பட்டியிலும் பால் திரியும். பதநீர் லேசாகப் புளித்திருந்தாலும் அந்தப் புளிப்பு கருப்பட்டியில் தங்கிவிடும். அடுப்பில் கொதிக்கிற கருப்பட்டித் தண்ணீரில் பாலை விட்டால், சூடும் புளிப்பும் சேர்ந்து திரிக்கும். பச்சை இஞ்சியைத் தட்டிப் பாலில் போட்டாலும் இதே கதைதான். ஆகவே பால் திரிவதைக் கலப்படச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைக்காரருக்கு ஒரு தம்ளர் காபி கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம்.

கலப்படம் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. சீனி சேர்த்துக் காய்ச்சுவதுதான் அதிகம். உடைத்த இடத்தில் சீனி மணி போலப் பளபளத்தால் சந்தேகப்படலாம்; உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். பதநீர் இறங்குவது பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை. மார்கழியில் ஒருவர் ‘நேற்றுக் காய்ச்சியது’ என்று விற்றால் அங்கே நிற்கவே வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி விற்பவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி பக்குவம். கரிசலில் ஐப்பசியில் விதைத்த மல்லி பொங்கலுக்குப் பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். வீட்டில் இருப்பது போன மகசூல். வண்டு துளைத்ததைப் புடைத்து எடுத்துவிட்டு 100 கிராம் மல்லியை வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். கருகினால் கசக்கும். 50 கிராம் சுக்கை மேல்தோல் சீவித் தட்டி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஐந்து ஏலக்காயோடு சேர்த்துக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளலாம். மிக்சியில் மாவாக அரைத்தால் அடியில் வண்டல் தங்கும்.

இருபது தம்ளருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கொதித்ததும் இடித்த தூளில் ஆறு தேக்கரண்டி போட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்கி வடிகட்ட வேண்டும். கருப்பட்டி 350 கிராம் போதும். அதைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, பிறகு கலக்க வேண்டும்.

பால் இல்லாமல் குடிப்பதுதான் பழைய வழக்கம், ருசியும் அதில்தான். பால் கேட்பவர்களுக்கு மட்டும் காய்ச்சிய பாலைத் தம்ளரில் முதலில் ஊற்றி, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய காபியை அதன் மேல் விடலாம். சேர்ந்த பிறகு மறுபடி அடுப்பில் வைக்கக் கூடாது. போன வருடம் நடந்தது அநேகமாக அதுதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. ‘கருப்பட்டிதானே, சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது’ என்று பெரியவர்களுக்கு இரண்டு தம்ளர் கொடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். கருப்பட்டி கலக்கும் முன்பே அவர்களுக்கு வேண்டியதைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிடலாம். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு மிளகும் சுக்கும் எரிச்சல் தரும். அவர்களுக்கு வெறும் மல்லித் தண்ணீர் போதும்.

மீதித் தூளை ஈரம் படாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் மாசிப் பனி வரை வாசம் போகாது.