விசிறியை விரட்டிய வெண்பா

"கவிதைன்னா அதுவா வரணும்யா. அசை பிரிச்சு, தளை பார்த்து எழுதினா அது கணக்கு."

வெண்பா எழுதறேன்னு சொன்னா பத்துல எட்டு பேர் இதைத்தான் சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா என் மண்டை வேலை செய்யற விதம் நேர் எதிர். "எதையாவது எழுது"ன்னு வெள்ளைத்தாளைக் கொடுத்தா உறைஞ்சு போயிடுவேன். "மின்வெட்டு பத்தி ஒரு வெண்பா"ன்னு சொல்லிப் பாருங்க, பஸ்ஸுல நின்னுக்கிட்டே விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுடுவேன் :-)

நான் எப்பவும் ஈற்றடியில்தான் தொடங்குவேன். போய்ச் சேர வேண்டிய இடம் தெரிஞ்சா வழியைப் பின்னாலேர்ந்து போட்டுக்கலாம். கணிதப் பேராசிரியர் போல்யா 1945-ல் எழுதின 'ஹவ் டு சால்வ் இட்'டிலும் இந்தப் பின்னோக்கி நடக்கற உத்தி இருக்கு. ஆபீஸ்ல ப்ரோகிராம் தப்பா விடை கொடுத்தாலும் இதே கதைதான்: விடையைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். மின்வெட்டுக்கு முதல்ல தோணின ஈற்றடி இது:

பாட்டியின் கையில் விசிறி.

தளை சரி. கூவிளத்துக்கு அப்புறம் நேர், தேமாவுக்கு அப்புறம் நிரை. ஆனா வெண்பா நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலில் ஒண்ணுலதான் முடியணும். விசிறி புளிமா. வெளியே போ!

அடுத்து வந்தது:

பாட்டி விசிறிய காற்று.

இதுல இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. காற்று, 'காசு' வாய்பாடு. ஆனா படிச்சா செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு. தளை தட்டாம செத்துக் கிடக்கற வெண்பாக்கள் ஆயிரம் பார்த்திருக்கோமே, அந்த ஜாதி. இலக்கணத்துக்கு 'வேண்டாம்'னு சொல்லத்தான் தெரியும், 'இதுதான்'னு சொல்லத் தெரியாது. அதை நாமதான் சொல்லியாகணும்.

ரெண்டு நாள் கழிச்சு, தண்ணி கேன் தூக்கிட்டு மாடி ஏறும்போது மூணாவது வந்தது:

பாட்டியின் கையசைவில் காற்று.

கும்மிருட்டில் விசிறி எங்க தெரியப்போகுது? மேல வந்து படறது காற்று மட்டும்தானே! (கையசைவு மட்டும் தெரியுமான்னு கேட்கப் போற புண்ணியவான்களுக்கு: காத்து விட்டு விட்டு வர்ற தாளத்துலயே கை தெரியும்.) விசிறிங்கறது மின்வெட்டுன்னதும் யாருக்கும் முதல்ல வர்ற வார்த்தை. புளிமாவா இல்லாம இருந்திருந்தா நானும் அதோட திருப்தியா தூங்கப் போயிருப்பேன். யாப்பு அதை விரட்டினதால்தான் அந்த இருட்டுக்குள்ள மறுபடி போய் உட்கார வேண்டியிருந்தது.

"பார்த்தியா, படி ஏறும்போது அதுவாத்தானே வந்தது?"ன்னு கேட்பீங்க. இப்படித்தான் புவான்காரே கதையையும் பாதியா சொல்றாங்க. கூட்டான்ஸ் ஊரில் வண்டிப்படியில் கால் வைக்கும்போது கணிதத்தில் ஒரு பெரிய யோசனை பளிச்சுன்னு வந்ததா 1908-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கார். அதே பக்கங்களில், அதுக்கு முன்னாடி 15 நாள் தினமும் மேஜையில் உட்கார்ந்து, ஒண்ணும் தேறாம முட்டிக்கிட்டு இருந்ததையும் எழுதியிருக்கார். படிக்கட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, மேஜை யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்தப் பாதிக்கதையை நம்பி, "எனக்கெல்லாம் அப்படி வர்றதில்லைங்க"ன்னு பேனாவை மூடி வெச்சவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும். ரெண்டு பேரும் என்னைவிட நல்லா எழுதறவங்க. அதான் கடுப்பு.

மத்த மூணு அடி இன்னும் பாக்கி. 'மின்வெட்டு' தேமாங்காய், அதுக்குப் பின்னாடி நேரசையில் தொடங்கற சீர் வேணும். கொசுவை உள்ளே விடலாம்னு பார்த்தா அது எப்படிப் போட்டாலும் நிரையிலேயே தொடங்கித் தொலைக்குது.