பேரக் குழந்தையின் அணையாடை

பேரக் குழந்தையுடன் தலயாத்திரை புறப்படும் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டியைக் கிழித்து அணையாடையாக்கிய கைகள் நம்முடையவை. வீட்டில் இன்றும் அதற்கு இணையில்லை. ஆயினும், தரிசன வரிசையில் மணிக்கணக்காக நிற்கையில் டயப்பரே உதவும். இதில் மருமகளோடு வாதிட வேண்டியதில்லை.

வாங்கும்போது உறையில் அச்சிட்டுள்ள எடையைப் பாருங்கள். வயதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். தொடையில் சிவந்த தடம் பதிந்தால் அளவு சிறியது என்று பொருள். ஈரத்தைத் தாங்குகிறதே என்று நெடுநேரம் விட்டுவைக்கலாகாது. இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்றுதல் வேண்டும். மலம் கழித்தால் அக்கணமே. இடுப்புப் புண்கள் பெரும்பாலும் இந்த அசட்டையால் வருவனவே.

துடைக்கும் 'வைப்ஸ்' நறுமணமும் ஆல்கஹாலும் சேராததாக இருக்கட்டும். பன்னீர் மணம் சந்நிதிக்கு உரியது. பச்சிளம் தோலுக்கு அன்று. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகவே துடையுங்கள். விடுதிக்குத் திரும்பிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சே போதும். சிறிது நேரம் காற்றாடவும் விடுங்கள்.

பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். கழிவறையிலோ குளப்படியிலோ போடலாகாது. உள்ளிருக்கும் உறிஞ்சுபொருள் நீரில் உப்பி அடைத்துக்கொள்ளும்.