கப்பல் நீருக்குக் கிடைக்கும் கதிர், காத்திருப்போரின் காற்றுக்கு இல்லையா?

திருகோணமலைத் துறைமுகத்திற்குக் கோதுமையையும் சீமெந்துக்கான மூலப்பொருளையும் ஏற்றிவரும் கப்பல்கள், சரக்கை இறக்கிய பின்னர் வெறுமையாகத் திரும்புவதில்லை. பாரம் குறைந்த கப்பல் அலையில் தள்ளாடாதிருக்கும் பொருட்டுக் கடல்நீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டே புறப்படுகின்றது. அந்நீர் மற்றுமொரு நாட்டின் துறைமுகத்தில் வெளியேற்றப்படும் போது கொலராக் கிருமியோ வேற்றுக் கடலுயிரிகளோ அங்கு குடியேறிவிடக் கூடாது என்பதற்காகவே சர்வதேச கடல்சார் அமைப்பின் உடன்படிக்கையொன்று 2017 செப்டெம்பர் 8ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக இன்று உலகக் கப்பல்களிற் பல, அந்நீரைச் சுத்திகரிக்கப் புற ஊதாக் கதிர் விளக்குகளைத் தம்முடன் சுமந்து செல்கின்றன.

எமது குடாவின் நீர் அயல்நாட்டாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பதில் உலகம் காட்டும் அக்கறை மெச்சத்தக்கதே. ஆனால் அதே குடாவின் கரையில், விடியற்காலையிலேயே இலக்கத் துண்டு பெற்று வாங்கில்களில் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்திருக்கும் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் மக்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி யார் கவலைப்படுகின்றார்கள் என்பதே எமது கேள்வியாகும். இருமுபவரும் கைக்குழந்தையுடன் வந்த தாயும் மணிக்கணக்கில் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் இவை.

புற ஊதாக் கதிர், எமது பாடநூல்களில் கழியூதாக் கதிர் எனப்படுவது, புதுமையான ஒன்றல்ல. சூரிய ஒளி பற்றீரியாக்களைக் கொல்கின்றது என்பதை 1877 இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். பாயையும் தலையணையையும் வெயிலில் காயப்போட்ட எமது பாட்டிமாருக்கு அவர்களின் ஆய்வுக் கட்டுரை தேவைப்பட்டிருக்கவில்லை. எனினும் மிகக் கடுமையாகக் கிருமியழிக்கும் கதிர்ப்பகுதியை ஓசோன் படை தடுத்துவிடுவதால் அது பூமியை எட்டுவதில்லை. 254 நனோமீற்றர் அலைநீளமுடைய அக்கதிரையே பாதரச ஆவி விளக்குகள் செயற்கையாக உமிழ்கின்றன. அது கிருமியின் மரபணுப் பொருளைச் சிதைத்து, அது பெருகவியலாதவாறு செய்துவிடுகின்றது.

இவ்விளக்கை எங்கே பொருத்துவது என்பதிலேயே விடயம் தங்கியுள்ளது. மக்கள் அமர்ந்திருக்கும் அறையில் அதனை ஆட்களின் தலைக்கு மேலே, கதிர் கூரைப்புறமாக மட்டும் பாயும் வண்ணம் பொருத்துவதே நீண்டகாலமாகப் பரீட்சிக்கப்பட்ட முறையாகும். கீழே மூச்சிலும் இருமலிலும் வெளிப்படும் கிருமி, காற்றோடு மேலெழுந்து கதிருக்குள் அகப்பட்டு அழிகின்றது. மெதுவாகச் சுழலும் மின்விசிறியொன்று அக்காற்றைக் கலக்கிவிட்டால் பயன் கூடும். 1937 முதல் 1941 வரை அமெரிக்காவின் பிலடெல்பியாப் பகுதிப் பாடசாலைகளில் வில்லியம் வெல்ஸ் என்பார் இதனைச் செய்துபார்த்தார். 1941 இல் சின்னமுத்து பரவிய போது விளக்குகள் பொருத்திய வகுப்பறைகளில் தொற்று கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் பின்னர் நியூயோர்க் மாநிலக் கிராமப் பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வு அத்தகைய வெற்றியைத் தரவில்லை. வகுப்பறையில் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பாடசாலைப் பேருந்தில் நெருக்கியடித்துச் சென்றார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்றாகும். பிள்ளைகளை வான்களில் அடைத்து அனுப்பும் எமக்கு இது புரியாத காரணமல்ல.

காசநோய் தொடர்பான சான்று இன்னும் வலுவானது. பெரு நாட்டின் லீமா நகர வைத்தியசாலையொன்றில் காசநோயாளர் விடுதியின் காற்றைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், சுத்திகரிக்கப்படாத காற்றைச் சுவாசித்தவற்றுள் 35 வீதமானவை தொற்றுக்குள்ளாகின. மேற்பகுதி விளக்குகள் எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றுள் 9.5 வீதமானவையே தொற்றுக்குள்ளாகின. தென்னாபிரிக்காவில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு, சுமார் 80 வீதப் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட காசநோய்த் தடுப்பு வழிகாட்டலில் இம்முறையைப் பரிந்துரைத்தது.

இத்தனை இருந்தும், ஓராண்டு கழித்துக் கொவிட்-19 வந்த போது நாம் செய்தது என்ன? அலுவலக வாயில்களிலும் பொது இடங்களிலும் கூடங்கள் அமைத்து, நடந்து செல்லும் மனிதர் மீது இரசாயன நீரைத் தெளித்தோம். எந்தச் சந்தர்ப்பத்திலும் அவ்வாறு செய்யலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் கூற நேர்ந்தது. கையைச் சுத்தம் செய்யப் புற ஊதா விளக்கைப் பிடிக்க வேண்டாமெனவும் அது எச்சரித்தது. வெலிசறைக் கடற்படை முகாமில் 2020 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானோர் தொற்றுக்குள்ளான போதே, ஒரே கூரையின் கீழ் உறங்கும் மனிதர்களின் காற்றுத்தான் கவனிக்கப்பட வேண்டியது என்பது புலப்பட்டிருக்க வேண்டும்.

அதே காலத்தில் நிலத்தடி நீர் மாசடையும் என்ற காரணத்தைக் கூறி, முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. அடக்கமும் தகனமும் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்த போதிலும், 2021 பெப்ரவரியிலேயே அடக்கத்திற்கு வர்த்தமானி மூலம் அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இதனை இங்கு நினைவுபடுத்துவது பழைய காயத்தைக் கிளறுவதற்காக அன்று. சான்று இல்லாத இடத்தில் அறிவியலின் பெயரால் அரசு விடாப்பிடியாக நின்றது. சான்று இருந்த இடத்தில், அதாவது உயிருடன் இருப்போரின் காற்று விடயத்தில், அசட்டையாக இருந்தது. இதன் பின்னர் சுகாதாரத் துறை எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் மக்கள் ஐயத்துடனேயே நோக்குவார்கள். அந்த ஐயத்தை நாம் குறைகூற மாட்டோம்.

கொவிட் தணிந்துவிட்டது, காசநோய் தணியவில்லை. இலங்கையில் கொவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் வருடத்திற்கு 8,000 முதல் 9,000 வரையான நோயாளர்கள் இனங்காணப்பட்டு வந்தனர். உண்மைத் தொகை அதனைவிடப் பல ஆயிரம் அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடாகும். இனங்காணப்படாதவர் எங்கே இருக்கின்றார்? பேருந்தில், டியூட்டறியில், வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் எம்மருகே இருக்கின்றார். இருமல் மாறவில்லையென்று அவர் முதலில் வந்து அமர்வதும் அந்த வரிசையிலேயாகும்.

ஆயினும் விளக்கொன்றை வாங்கி மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது என எவரும் எண்ணிவிடலாகாது. படகுத்துறைகளில் வெல்டிங் வேலை செய்வோரிடம் கேட்டால் தெரியும். கண்ணாடி அணியாது ஒளியைப் பார்த்த இரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டாற்போல் எரியும். பிழையாகப் பொருத்தப்பட்ட புற ஊதா விளக்கு செய்யக்கூடியதும் அதுவே. தோலையும் அது சுடும். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2020 மே மாதத்தில் அறிமுகப்படுத்திய, 12 அடிக்கு 12 அடி அறையைப் பத்து நிமிடத்தில் சுத்திகரிக்கும் நடமாடும் கருவி, ஆளில்லாத அறைக்கானதாகும். கதிர் நேர்கோட்டிலேயே செல்வதால் கட்டிலின் நிழலில் உள்ளது தப்பிவிடும். தூசு படிந்தால் வலிமை குன்றும். கவனிக்க வேண்டிய மற்றொன்று, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளிக்கும் கண்ணுக்குத் தெரியாத அக்கதிருக்கும் உள்ள வேறுபாடு. ஏறத்தாழ 9,000 மணித்தியாலம், அதாவது ஓராண்டு இடைவிடாது எரிந்த விளக்கின் கதிர்வலிமை தேய்ந்துவிடுகின்றது. ஆனால் அது நீலமாகவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கதிரே உமிழாத நீல விளக்குகளும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. பாதரசம் கொண்ட விளக்கு உடைந்தால் அதனைக் குப்பையுடன் சேர்த்து எறியவும் முடியாது. 222 நனோமீற்றர் அலைநீளத்தில் இயங்கும் புதிய விளக்குகள் தோலை ஊடுருவுவது குறைவு என ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் அவற்றின் விலையும், அவை உண்டாக்கும் ஓசோனும் இன்னும் கவனத்திற்குரியவையே.

பள்ளிவாசல், ஆலய, தேவாலய நிர்வாகங்களுக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். வெளிநாட்டு உறவுகள் நன்கொடையாக அனுப்பும் கருவியைத் திறப்பு விழாச் செய்து மாட்டுமுன், யன்னலைத் திறவுங்கள். குளிரூட்டி பொருத்துவதற்காக நிரந்தரமாக மூடப்பட்ட யன்னல்கள் எமது வழிபாட்டிடங்களில் பெருகிவிட்டன. லீமாவின் எட்டு வைத்தியசாலைகளில் 2007 இல் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், யன்னல்களும் கதவுகளும் திறந்திருந்த அறைகளில் காற்று மணிக்கு 28 தடவைகள் மாறியது கண்டறியப்பட்டது. உயர்ந்த கூரையும் அகன்ற யன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே அதிற் சிறந்து விளங்கின. கடற்காற்றைத் தாராளமாகப் பெற்ற எமது மாவட்டத்திலும் அத்தகைய கட்டடங்கள் உள்ளன. அவற்றைத் தடுப்புச்சுவர் வைத்து அறைகளாகப் பிரித்தவர்கள் நாமே. 2022 மார்ச் இறுதியில் நாள்தோறும் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் எந்த விளக்கும் எரிந்திருக்காது. யன்னல் வேலை செய்திருக்கும்.

யன்னல் வைக்க வழியில்லாத இடத்திற்கும், மழைக்காலத்தில் யன்னலை மூட வேண்டிய இடத்திற்குமே விளக்கு உரியது. மாகாண சுகாதாரத் திணைக்களம் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களின் காத்திருப்பு அறைகளிலிருந்து தொடங்கட்டும். அதன் பின்னர் மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு, கிண்ணியா, மூதூர் வைத்தியசாலைகள் என்று செல்லலாம். கொள்வனவுக்கான கேள்வி கோரலில் விளக்குகளின் எண்ணிக்கை மாத்திரமன்றி, கதிர்வலிமையை அளக்கும் மானி, மாற்று விளக்குகள், பொருத்துநருக்கான பயிற்சி ஆகியனவும் இடம்பெற வேண்டும். இறுதியாக அளக்கப்பட்ட திகதியையும் அளவையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இலக்கத் துண்டுடன் காத்திருப்பவர் வாசிக்கக்கூடிய உயரத்தில் அச்சுவரிலேயே ஒட்ட வேண்டும்.